கரிமீனுக்குக் கோத்திரம் பார்த்த கதை

எங்கள் வீட்டில் மீனை மீன் என்று சொல்லக் கூடாது. 'உன் ஆபீஸ் ஜந்துக்கள்' என்றுதான் அம்மா சொல்வாள். கொச்சியின் மட்டாஞ்சேரியில், சுக்கு மூட்டைகள் அடுக்கிய கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிறது வீடு. எந்தக் காலத்திலோ பாலக்காட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் நாங்கள். வாசலில் நின்றால் சுக்கு நெடி அடிக்கும், நாலடி தள்ளிப் போனால் காயலின் உப்புத் தண்ணீர் நெடி. இரண்டில் முதலாவது மட்டும்தான் எங்கள் வீட்டுக்கு ஆகும். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்துவிட்டு, இருபத்தைந்து வருஷமாக மீன்களின் மரபணுவைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். இதுவரை ஒரு துண்டு மீனை வாயில் வைத்ததில்லை. இதைச் சொன்னால் ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

காலையில் படகு பிடித்து எர்ணாகுளம், அங்கிருந்து மெட்ரோவில் களமசேரி. எந்தத் தண்ணீரில் இருக்கும் மீன் எந்தத் தண்ணீர் மீனுக்கு என்ன உறவு என்று பார்ப்பதுதான் என் வேலை. மீன் என்றால் மீன்தானே, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும். கொச்சிக் காயலில் பிடித்த, உள்ளங்கை போலத் தட்டையான கரிமீனையும் தெற்கே ஏரியில் பிடித்த கரிமீனையும் ஒரே கூடையில் போட்டால் மீன்காரருக்கே வித்தியாசம் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக வேறு வேறு தண்ணீரில், வேறு வேறு உப்பில் பிழைத்த குடும்பங்கள் அவை. மேலே ஒரே ஜாடை, உள்ளே எழுதியிருப்பது வேறு. இதைப் பொறுமையாகச் சொல்ல முயல்வேன். இரண்டாவது வாக்கியத்திலேயே குரல் ஏறிவிடும்.

இடக்கொச்சிச் சேச்சி என்னிடம் வந்தது அப்படி நான் குரல் ஏற்றிப் பேசிய ஒரு வகுப்பில்தான். மீன்குஞ்சு வளர்ப்பவர்களுக்காக ஒரு நாள் பாடம் எடுத்தேன். முடிந்ததும் எல்லோரும் சாயா குடிக்கப் போய்விட்டார்கள். என் வயதுள்ள ஒரு பெண் மட்டும் போகாமல் நின்றார். அவரும் இன்னும் மூன்று பெண்களும் சேர்ந்து இடக்கொச்சியில் ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கரிமீன் குஞ்சு உண்டாக்குகிறார்களாம். இரண்டு பருவமாக முட்டைகள் வெளுத்துப் போகின்றன. பொரிவது குறைவு. பொரிந்தாலும் முதுகு கோணலாக இருக்கிறது, ஒரு வாரத்தில் செத்துவிடுகின்றன. இன்னும் ஒரு வருஷம் பார்ப்பேன், அப்புறம் குளத்தை இறால்காரருக்குக் கொடுத்துவிடுவேன் என்று குளத்துக்காரர் சொல்லிவிட்டார். இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை, புடவைத் தலைப்பால் கையை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறே போனேன். குளம் சுத்தம், தண்ணீரில் குறையில்லை, தீனியிலும் குறையில்லை. கரிமீன் விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. வேறு சில மீன்களைப் போல ஊசி போட்டு முட்டையைப் பிழிந்து எடுக்கிற வேலையெல்லாம் அதனிடம் நடக்காது. ஆண் எது பெண் எது என்று பார்த்துச் சொல்வதே கஷ்டம். தானாகப் பார்த்துத் தானாக ஜோடி சேரும். ஒரு ஓட்டுத் துண்டைச் சுத்தம் செய்து அதில் முட்டை ஒட்டும். பிறகு அப்பனும் ஆத்தாளும் மாற்றி மாற்றிக் காவல் நின்று விசிறிக்கொண்டிருக்கும். எனவே குளத்தில் எந்தத் தாய்மீன்களை விடுகிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது. மற்றதெல்லாம் அவற்றின் இஷ்டம்.

இந்தத் தாய்மீன்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். ஒன்பது வருஷத்துக்கு முன் மூன்றே ஜோடியில் ஆரம்பித்தார்களாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் விற்பதற்கு முன்னால் நல்ல பெரிசாக, அழகாக இருப்பவற்றை எடுத்து வைத்துக்கொண்டார்கள். சேச்சி பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. பெரிசாக, அழகாக இருந்தவை எல்லாம் அநேகமாக ஒரே ஜோடியின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அண்ணனும் தங்கையுமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து புது ரத்தம் கொண்டுவர வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சொல்லிய தோரணையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் வழக்கத்தில் ஒரு வரன் வந்தால் முதலில் கேட்பது கோத்திரம். ஒரே கோத்திரம் என்றால் அண்ணன் தங்கை முறை, பேச்சு அங்கேயே முடிந்தது. வேறு கோத்திரம் என்றால் மேலே ஜாதகம், சமையல், சம்பளம் என்று போகும். நான் ஒரு நீள நோட்டு வாங்கிக் கட்டம் போட்டு, ஒரு கட்டத்தின் தலையில் வேடிக்கையாகக் 'கோத்திரம்' என்றே எழுதினேன். அதன் கீழே குளத்தின் ஊர். வைப்பின், கும்பளங்கி, செல்லானம், செராயி என்று நாலு ஊரில் நாலு குளம். ஒவ்வொரு குளத்துக்காரரிடமும் இது உங்கள் குளத்து மீன்தானா என்று கேட்டேன். எங்கள் குளத்து மீனேதான் என்று நாலு பேரும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்கள். கோத்திரம் கேட்டுத் திருப்தியானவுடன் மேலே விசாரிக்காத மாமியைப் போல நானும் அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

நாலு குளத்து மீன்களையும் வாங்கி, ஊருக்கொரு அடையாளம் வைத்து இடக்கொச்சியில் விட்டோம். ஒரே ஊர் மீன்கள் ஜோடி சேர்ந்தால் பிரித்து வேறு தொட்டியில் விட்டோம். வேறு ஊர் மீன்கள் சேர்ந்தால் சேச்சி கைதட்டுவார், நான் நோட்டில் எழுதுவேன். எல்லா மீனின் வாலிலும் நகத்தளவு வெட்டி எடுத்து, சாராயத்தில் போட்டு ஆய்வகக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். அதைச் சோதித்துவிட்டு அப்புறம் குளத்தில் விட்டிருக்க வேண்டும். இயந்திரத்துக்கு வரிசை இருந்தது, பருவம் போய்க்கொண்டிருந்தது, எனக்கோ என் நோட்டின் மேல் அபார நம்பிக்கை. மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

முட்டைகள் வந்தன. நாலு பெண்களும் பாயசம் வைத்தார்கள், நானும் குடித்தேன். ஐந்தாம் நாள் முட்டைகள் வெளுத்தன. பொரிந்தவற்றில் பாதிக்கு முதுகு கோணல். பத்து நாளில் குஞ்சுகளை விட்டிருந்த வலைப்பெட்டி காலி. அடுத்த ஜோடி, அதற்கடுத்த ஜோடி, எல்லாம் அதே கதை. அந்தப் பருவம் முழுவதும் அப்படியே போயிற்று.

இப்போது மற்ற மூவரும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். தண்ணீரும் மாற்றியாயிற்று, மீனும் மாற்றியாயிற்று, மாறாதது என்ன? ஓட்டுத் துண்டுகளைத் தேய்த்து வைப்பது, முட்டையோடு எடுத்து இடம் மாற்றுவது, குஞ்சுகளை மொண்டு விடுவது எல்லாம் சேச்சியின் கை. யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆனால் அடுத்த தடவை நான் போனபோது தொட்டியில் வேறொருத்தி இறங்கியிருந்தாள். சேச்சி கரையில் நின்றுகொண்டிருந்தார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. என்ன சேச்சி என்று கேட்டேன்.

"என்றெ கையுடெ குழப்பமாணு டீச்சரே," என்றார். என் கையில்தான் ஏதோ கோளாறு என்கிறார். "இனி ஞான் தொடுந்நில்ல." இனிமேல் தொடமாட்டாராம்.

கையை அப்படிக் கட்டிக்கொண்டு நிற்பதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். என் அம்மா அப்படித்தான் நிற்பாள், எங்கள் குடும்பத்தில் குழந்தை பிறந்து, அதைக் குளிப்பாட்டுகிற நேரத்தில். எங்கள் பக்கம் வீட்டுப் பெரியவள்தான் காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்கால் மேல் குழந்தையைப் போட்டு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவாள். அம்மா முப்பது பேருக்குத் தனி ஆளாகச் சமைப்பாள், கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பாள், பாம்பை விரட்டுவாள். குழந்தைக் குளியல் மட்டும் ஆகாது. எனக்குப் பெண் பிறந்தபோதும் ஆள் வைத்துத்தான் குளிப்பாட்டினாள். எனக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து நாற்பது நாளில் போய்விட்டான் என்று தெரியும். அவனைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. இரண்டையும் நான் ஒருபோதும் சேர்த்துப் பார்த்ததில்லை. அன்று இடக்கொச்சிக் கரையிலும் சேர்த்துப் பார்க்கவில்லை, அந்தக் கைகள் மட்டும் மனதில் நின்றன.

மறுநாள் யார் கெஞ்சியும் கேட்காமல் வரிசையில் புகுந்து வால்துண்டுகளைச் சோதனைக்குப் போட்டேன். முடிவு வந்த அன்று திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நாலு ஊர் மீன்களும் சேச்சியின் பழைய மீன்களும் ஒரே குடும்பம். தூரத்து உறவுகூட இல்லை, நெருங்கிய உறவு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாலு குளத்துக்காரர்களையும் ஒருவர் பின் ஒருவராகப் போனில் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். மூன்று பேர் பயந்து போனார்கள். கும்பளங்கிக்காரர் மட்டும் நிதானமாகக் கேட்டுவிட்டு, எங்கள் குளத்தில் பிறந்த மீன்தான், அதன் அப்பன் பாட்டன் யார் என்று நீங்கள் கேட்கவே இல்லையே என்றார். சில வருஷம் முன்பு பைக்கில் குஞ்சு கொண்டுவந்து விற்கிற ஒருவரிடம் வாங்கி விட்டதாம். அந்த ஆள் எங்கிருந்து கொண்டுவந்தார் என்றேன். இடக்கொச்சியில் நாலு பெண்கள் நடத்துகிற குளத்திலிருந்து என்றார். மற்ற மூவரையும் மறுபடி கூப்பிட்டேன், இந்தத் தடவை மெதுவான குரலில். அதே பைக், அதே ஆள். சேச்சியின் வீட்டுப் பிள்ளைகள் வெளியூர் போய்க் குடும்பம் பெருக்கியிருக்கின்றன. நான் அவற்றையே மாப்பிள்ளை என்று நாலு கோத்திரம் எழுதி அழைத்து வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்று அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஜந்து, மீன் என்ற வித்தியாசமெல்லாம் அன்று பார்க்கவில்லை. அம்மா கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"கோத்திரம் வேறேன்னா உறவே இல்லேன்னு அர்த்தமாடீ? நானும் உங்கப்பாவும் வேற வேற கோத்திரமாக்கும். எங்கம்மாவும் அவரோட அப்பாவும் கூடப்பொறந்தவா. மறந்துபோயாச்சோ?"

மறக்கவில்லை. மரபணுப் பாடத்தில் முதல் நாளே நான் நினைத்துக்கொண்டது அதைத்தான். அத்தை மகள், மாமா மகன். கோத்திரக் கணக்கில் ஒரு தடையும் இல்லை, ரத்தக் கணக்கில் ஒரே தாத்தா பாட்டி. இது தெரிந்த நான், இந்தக் கல்யாணத்தில் பிறந்த நான், ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு மீனுக்கு முகூர்த்தம் வைத்தேன். வேறு எந்த ஆராய்ச்சியாளரும் இந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டார். அவர்களுக்குக் கோத்திரம் என்ற கட்டமே தோன்றியிருக்காது. அம்மா திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பால் பொங்குகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

இடக்கொச்சிக்குப் போகிற வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். மன்னிப்புக் கேட்பது எனக்கு வராத வித்தை. பெரிய பெரிய அறிவியல் வார்த்தைகளாகப் போட்டு, யார்மேல் தப்பு என்று யாருக்கும் புரியாதபடி முடித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. போய்ப் பார்த்தால் சேச்சி அன்றும் கரையில், கை பின்னால். நாலு பேரையும் உட்காரச் சொன்னேன். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொன்னேன்.

"சேச்சியோட கையில ஒரு குழப்பமும் இல்ல. தப்பு என்னோட நோட்டில. நான் கொண்டுவந்த மீன் எல்லாம் உங்க மீனோட பிள்ளைங்கதான். சோதிக்காம விட்டது நான்."

அப்படியானால் ஒரு பருவம் உங்களால் போயிற்றா என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து போகச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். சேச்சி எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. தொட்டிக்குப் போய், முழங்கை நனைய இரண்டு கையையும் உள்ளே விட்டு, பாசி பிடித்த ஒரு ஓட்டுத் துண்டை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

குளத்துக்காரரிடம் சேச்சியே போய்ப் பேசினார். மழைக்காலம் தொடங்கும்வரை தவணை கிடைத்தது. அதற்குள் குஞ்சு பிழைக்காவிட்டால் இறால்தான்.

இனி குளத்து மீனே வேண்டாம், காயலில் தானாக வாழ்கிற மீன்தான் என்பதில் எங்களுக்குள் வாதமில்லை. எந்தக் காயல் என்பதில்தான் சண்டை. தெற்கத்தி ஏரிக் கரிமீனுக்குப் பேர் பெரிசு, உடம்பும் பெரிசு. நாலு பேரும் அதைத்தான் கேட்டார்கள். நான் மறுத்தேன். அவற்றின் வால்துண்டுகளை முன்பே சோதித்திருக்கிறேன், அவை தனிக் கூட்டம். இங்கே மழையில் தண்ணீர் நல்ல தண்ணீராகும், ஆகாயத்தாமரை வந்து மூடும். கோடையில் உப்பேறி அதெல்லாம் அழுகும். இந்த ஆட்டத்துக்குப் பழகியவை நம் காயல் மீன்கள். தெற்கத்தி மீனுக்கு இது ஒத்துக்கொள்ளுமா தெரியாது. அதைவிட, நம் குளத்து மதகு வழியாக வருஷா வருஷம் குஞ்சுகள் காயலுக்குத் தப்பிப் போகின்றன. அங்கே போய் அவை கலந்தால் நம் காயல் மீனின் தனித்தன்மை கரைந்து போகலாம். இதெல்லாம் உறுதியா என்று சேச்சி கேட்டார். உறுதியில்லை, இதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது என்றேன். சென்ற தடவை எல்லாம் உறுதி என்று சொன்னீர்கள் டீச்சர் என்றார். வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனாலும் சம்மதித்தார்.

மீன் பிடிக்க ஒரு கணவன் மனைவியைச் சேச்சி ஏற்பாடு செய்தார். நீளக் கயிற்றில் வெளுத்த குருத்தோலையைக் கட்டித் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போவார்கள். அந்த வெள்ளையைக் கண்டு மிரண்டு கரிமீன் அடியில் போய்ச் சேற்றோடு ஒண்டிக்கொள்ளும். அந்தப் பெண்மணி முங்கி அதைக் கையாலேயே அள்ளி எடுத்து வருவார். தூண்டில் காயமில்லை, வலைக் கீறலில்லை. எங்கள் மட்டாஞ்சேரிப் படகுத்துறைப் பக்கம் கொஞ்சம், இடக்கொச்சி வெளிக்காயலில் கொஞ்சம், வடக்கே வைப்பின் பக்கம் கொஞ்சம் என்று ஒவ்வோர் இடத்திலும் சில மட்டும் எடுத்தோம். பெரியதைப் பொறுக்க வேண்டாம், கையில் வந்ததை வந்தபடி கொடுங்கள் என்று சொல்லியிருந்தேன். மட்டாஞ்சேரி மீனுக்கு வாலின் மேல் நுனியில் வெட்டினேன், இடக்கொச்சி மீனுக்குக் கீழ் நுனியில், வைப்பின் மீனுக்கு நடுவில். பிறகு பார்த்தவுடன் தெரியும்.

இந்தத் தடவை சோதனை முடியும்வரை ஒரு மீனையும் சேர்த்து விடவில்லை. மூன்று வாரம் தனித்தனித் தொட்டியில் இருந்தன. சேச்சிக்கு அவற்றைப் பிடிக்கவே இல்லை. கறுப்பாக, ஒட்டலாக, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மீன்கள். இதற்குப் பிறக்கும் குஞ்சை யார் கேட்பார்கள் என்று புலம்பினார். முடிவு வந்தது. இரண்டே இரண்டு மீன்கள் குளத்து மீனுக்கு உறவு, எப்போதோ மதகு தாண்டிப் போனவையாக இருக்கும். அவற்றை விலக்கினோம். மற்றவை எல்லாம் ஒன்றுக்கொன்று அந்நியம், ஆனால் ஒரே காயல். ஒரு ஆய்வுத் தாளைப் பார்த்து நான் அப்படிச் சந்தோஷப்பட்டது எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. பழைய ஜோடிகளைச் சேச்சி விற்கவில்லை. குளத்தின் மூலையில் வலை கட்டி அவற்றுக்கு இடம் ஒதுக்கி, பென்ஷன் என்றார்.

பிறகு காத்திருப்பு. காயல் மீன்கள் முதலில் தின்னவே இல்லை. பத்து நாள் கழித்துத் தின்றன. ஒன்றை ஒன்று துரத்தின. ஜோடி சேரவில்லை. வானத்தில் மேகம் கூட ஆரம்பித்தது. நான் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆய்வகத்திலிருந்து நேராக இடக்கொச்சி போய், கரையில் உட்கார்ந்து, யாரிடமும் சண்டை போடாமல் திரும்பினேன். அதுவே நான் எவ்வளவு பயந்திருந்தேன் என்பதற்கு அடையாளம்.

ஒரு காலையில் சேச்சி போனில் கூப்பிட்டார். வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னார். தொட்டி ஓரத்தில் ஒரு ஓட்டுத் துண்டுக்கு முன்னால் இரண்டு மீன்கள், உடம்பு இன்னும் கறுத்து, வேறு எந்த மீனையும் கிட்டே விடாமல் நின்றன. ஒன்றின் வாலில் மேல் நுனி இல்லை, மற்றதில் கீழ் நுனி இல்லை. எங்கள் துறை மீனும் அவர்கள் காயல் மீனும். ஓட்டின் அடியில் முட்டைகள். இரண்டும் மாறி மாறி விசிறிக்கொண்டிருந்தன. இந்தத் தடவை யாரும் பாயசம் வைக்கவில்லை. ஐந்தாம் நாள் போனேன், முட்டை வெளுக்கவில்லை. பொரிந்தது. பத்தாம் நாள் போனேன், தாயும் தகப்பனும் நடுவில் நிற்க, சுற்றிலும் குஞ்சுக் கூட்டம். சேச்சி ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் மொண்டு வெயிலில் காட்டினார். எல்லா முதுகும் நேராக இருந்தது. நான் அழுதுவிட்டேன். சேச்சி என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்குள் இன்னும் மூன்று ஜோடி சேர்ந்திருந்தது. மழை வந்தபோது குளத்துக்காரரும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இறால் பேச்சை எடுக்காமல் போனார்.

வீட்டில் இதை எல்லாம் சொன்னேன். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலை அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"அந்தச் சேச்சியோட கை காரணமில்லேன்னு நீ எல்லார் எதிர்லயும் சொன்னயாக்கும்?"

ஆமாம் என்றேன்.

"அப்போ நம்மாத்துப் பிள்ளைக்கும் என் கை காரணமில்லையோ?"

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிற்று. பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேட்டேன். ஐம்பத்துச் சொச்சம் வருஷமாகச் சொல்லாததைச் சொன்னாள். அன்று காலையில் அவள்தான் குளிப்பாட்டினாளாம். துவட்டித் தொட்டிலில் போட்டாள். சாயங்காலம் குழந்தை இல்லை. தண்ணீர் மூக்கில் போயிருக்கும், பிடித்த பிடி சரியில்லாமல் இருந்திருக்கும் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டிருக்கிறாள். அதற்கு முன்னால் எப்படி இருந்தான் என்று கேட்டேன். பிறந்ததிலிருந்தே பால் குடிக்க மூச்சு வாங்கும், நகமெல்லாம் நீலமாக இருக்கும், அழுதால் உதடும் நீலமாகும் என்றாள்.

"அம்மா, அது பிறக்கும்போதே கொண்டுவந்த சீக்கு. நெஞ்சுல கோளாறு இருந்திருக்கணும். உன் கை இல்லை."

அம்மா வாழைக்காயைக் கீழே வைத்தாள். அப்படியானால் நாங்கள் பண்ணிக்கொண்ட கல்யாணமா காரணம் என்று கேட்டாள். இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அதுவும் சொல்ல முடியாது, அந்நியத்தில் கல்யாணம் செய்தவர்களுக்கும் இப்படிப் பிறக்கிறது என்றேன். அதே கல்யாணத்தில்தானே நானும் பிறந்தேன், என் தொண்டையில் ஏதாவது குறை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, தெருக்கோடிவரை கேட்கிறது என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதி வாழைக்காயை நறுக்கினாள்.

அடுத்த வாரம் அவளாகவே, அந்த இடத்தைப் பார்க்கணும் என்றாள். ஆட்டோவில் அழைத்துப் போனேன். வழியெல்லாம் மூக்கில் கைக்குட்டை. சேச்சி நாற்காலி போட்டார், பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார். தன் புது நோட்டைக் காட்டினார். அதில் கோத்திரம் இல்லை. தாய் எந்த இடம், தகப்பன் எந்த இடம் என்று இரண்டு கட்டம். குஞ்சு வாங்குகிறவர்களுக்குப் பையோடு ஒரு சீட்டும் கொடுக்கிறாராம், இது இடக்கொச்சிக் குளத்துக் குஞ்சு, யாரிடமாவது தாய்மீனாகக் கொடுத்தால் இதைச் சொல்லிக் கொடுங்கள் என்று. எனக்குத்தான் அது முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

குஞ்சுகளைத் தொட்டியிலிருந்து குளத்து வலைப்பெட்டிக்கு மாற்றுகிற நாள் அது. முதல் கிண்ணத்தை அம்மா விடட்டும் என்றார் சேச்சி. வீட்டுக்கு வந்த பெரியவளுக்குச் செய்கிற மரியாதை, வேறெதுவும் அவருக்குத் தெரியாது. அம்மாவின் கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. என்னைப் பார்த்தாள். விடும்மா என்றேன். மெல்லக் குனிந்து, கிண்ணத்தை வாங்கி, தண்ணீருக்குள் சாய்த்தாள். குஞ்சுகள் அவள் விரல்களுக்கு நடுவே புகுந்து புகுந்து வெளியே போயின. கிண்ணம் காலியான பிறகும் கையை எடுக்கவில்லை.

"கடிக்காதோல்லியோ?" என்றாள்.

கடிக்காது என்றேன்.

திரும்பி வருகையில் கைக்குட்டையை மறந்துவிட்டாள். எர்ணாகுளத்தில் இருக்கும் என் தம்பியின் பெண்ணுக்கு அடுத்த மாதம் பிரசவம், குழந்தையைக் குளிப்பாட்ட அவன் ஊரெல்லாம் ஆள் தேடிக்கொண்டிருந்தான். தோப்பும்படி சிக்னலில் ஆட்டோ நின்றபோது அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"குளிப்பாட்ட ஆள் தேட வேண்டாம்னு உன் தம்பிகிட்டச் சொல்லிடு. நான் வரேன்."